கலியமூர்த்தி நீந்திய அன்னக்கூடை

புயல் கரையைக் கடந்து, ஊர் ஊராய்த் தென்னையையும் கரண்ட் கம்பத்தையும் சாய்த்துவிட்டு, மேற்கே போய் மழையாய்க் கரைந்து ஒழிந்த பிறகும் நொச்சிமேட்டுக்கு எதிரே கடல் மட்டும் தெளியவில்லை. புயலடித்தால் கடல் கலங்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காற்று மேல்தண்ணீரைப் பிடித்துத் தள்ளும், தள்ளிய தண்ணீர் அலையாய் எழும், அலையின் கால் ஆழமில்லாத கரைக்கடலில் அடித்தரை வரைக்கும் நீண்டு, ஆறுகள் கொண்டுவந்து கொட்டி எத்தனையோ காலமாய் அங்கே படிந்து கிடக்கிற சேற்றையும் பொடிமணலையும் துழாவி எடுத்து மேலே தூக்கிவிடும். காற்று ஓய்ந்ததும் முதலில் மணல் இறங்கும், அப்புறம் சேறு இறங்கும், கடைசியாக மாவு மாதிரி இருக்கிற நைசு வண்டல் மனசில்லாமல் இறங்கும், அதோடு கடல் பழைய பச்சைக்கு வந்துவிடும். வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் வந்துவிட்டது, தெற்கே கோடியக்கரைப் பக்கமும் வந்துவிட்டது. வானத்திலிருந்து எடுத்த படம் என்று டீவியில் காட்டினார்கள். கரை நெடுக நீலம், எங்கள் ஊருக்கு எதிரே மட்டும் யாரோ டீயைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனமாதிரி ஒரு பழுப்பு. டீவியில் நம் ஊர் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டவர்களும் எங்களில் உண்டு.

புயலில் எங்கள் ஊருக்குத் திரும்பாதது ஒரே ஒரு ஃபைபர் படகு. கலியமூர்த்தியின் படகு அது, அவனோடு மூன்று பேர் போயிருந்தார்கள். கரைக்கு வரச்சொல்லி வந்த சேதி அவர்களுக்கு எட்டவில்லையா, எட்டியும் விரித்த வலையை விட்டுவிட்டு வர மனசு வரவில்லையா, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. போன படகு சொன்ன பொழுதுக்குத் திரும்பவில்லை என்றால், அந்த வீட்டுப் பெண் கடலில் இறங்கி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மோந்து வந்து வீட்டுக்குள் விளக்குப் பக்கத்தில் வைப்பது நொச்சிமேட்டு வழக்கம். அவன் கிடக்கிற தண்ணீரில் கொஞ்சம் வீட்டுக்குள் இருந்தால் அவனும் கொஞ்சம் வீட்டுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் வந்ததும் அவனையே அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் ஊற்றச் சொல்வார்கள், அவனும் அலுப்போடு வைதுகொண்டே போய் ஊற்றிவிட்டு வருவான்.

கலியமூர்த்தியின் மனைவி தையல்நாயகி புயலுக்கு மறுநாள் காலை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தான் மீன் விற்கக் கொண்டுபோகும் அலுமினிய அன்னக்கூடையில் மோந்து வந்து வைத்தாள். அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டல் பாதி இறங்கியிருந்தது. இறங்குகிற வண்டலுக்கு நடுவே எறும்பளவுக்கு, நீலக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் புருஷன் நீந்திக்கொண்டிருந்தான். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"உசுரு போற மாதிரி ஊரே தேடுது, நீங்க இங்கயா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. வண்டல் இறங்க இறங்க அவனும் இறங்கினான். சேறு அவனை மூடப்போகிற நேரத்தில் அவள் பதறிப்போய்க் கையை விட்டுத் துழாவினாள். வண்டல் எழுந்தது, அவனும் எழுந்தான். கையை எடுத்தால் இறங்கினான், கலக்கினால் ஏறினான். மற்ற மூன்று வீடுகளிலும் அதே நேரத்தில் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. வாயைப் பிளந்துகொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை, ஆளுக்கொரு யோசனை இருந்தது. பசியோடு இருப்பானே என்று ஒருத்தி ஒரு பருக்கைச் சோற்றைப் போட்டாள், அது பாறாங்கல் மாதிரி அவன் தலைக்குப் பக்கத்தில் இறங்கியதைப் பார்த்து எல்லோரும் அவளை வைதார்கள். கலியமூர்த்தியின் தம்பி மாசிலாமணி அகப்பையால் அண்ணனை அலுங்காமல் மோந்து எடுத்தான். அகப்பையில் வெறும் சேற்றுத்தண்ணீர்தான் இருந்தது, திரும்ப ஊற்றினால் அண்ணன் பழையபடி கூடைக்குள் நீந்தினான். துணியால் வடிகட்டிப் பார்த்தார்கள், கொசுவலையால் அள்ளிப் பார்த்தார்கள். தண்ணீருக்கு வெளியே அவன் இல்லை என்பது தெளிவானதும், நாட்டார் பக்கிரிசாமி, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு பேரும் உசுரோட இருக்காங்க, அவங்க கடல்லதான் இருக்காங்க, போய்த் தேடுங்க என்று படகுகளை அனுப்பினார். எந்தத் திசையில் என்று அன்னக்கூடையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போன படகுகள் சேறு அப்பிய வலையோடு திரும்பி வந்தன.

அதன் பிறகு கலக்குவது ஊர் வேலையாகிவிட்டது. கோவிலுக்கு மண்டகப்படி முறை வைப்பது மாதிரி, எந்த வீட்டுக்காரர்கள் எந்தப் பொழுதில் எந்தப் பாத்திரத்தைக் கலக்குவது என்று பஞ்சாயத்தில் முறை வைத்தார்கள். வேகமாகக் கலக்கினால் சுழலில் மாட்டித் தலைகுப்புறப் போனார்கள், மெதுவாகக் கலக்கினால் இறங்கிவிட்டார்கள், ஆகையால் கூழ் காய்ச்சுகிற பதத்தில் கை போகவேண்டும் என்று பெண்கள் கண்டுபிடித்து ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போட் எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவன் ஒரு பழைய மிக்சி மோட்டாரில் தென்னங்குச்சியைக் கட்டி ஓடவிட்டுப் பார்த்தான். உள்ளே இருந்தவன் பம்பரமாய்ச் சுற்றியதைப் பார்த்து அவன் தாய் அந்த மோட்டாரைத் தெருவில் வீசி எறிந்தாள். பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்து கலக்கினார்கள். கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த நாலு பாத்திரங்களைச் சுற்றியே நடந்தது. கலக்கிக் கலக்கி எங்கள் ஊரில் எல்லோருக்கும் வலது கை கொஞ்சம் வீங்கிப் போயிருந்தது, வெளியூர்க்காரர்கள் அதை வைத்தே எங்களை அடையாளம் கண்டார்கள்.

கடலுக்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு நாளில், நாலு வீட்டுப் பெண்களும் சிக்கல் கோவிலுக்கு நேர்ந்துகொள்ளப் போனார்கள். அன்றைக்கு முறைக்காரர்கள், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இருந்துவிட்டார்கள். மதியத்துக்குள் கடலின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. வந்துட்டுது, தெளிவு வந்துட்டுது என்று படகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், வெகுநாள் கழித்து வலையில் சங்கராவும் காலாவும் கிடைத்தன, கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் திரும்பி வந்து பார்த்தால் நாலு பாத்திரங்களிலும் நாலு பேரும் இடுப்புவரை சேற்றில் புதைந்து கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கலக்கக் கலக்க, இறக்கிவைத்த மீன் துள்ளி அடங்குவதற்குள், கடல் மறுபடியும் பழுப்பாகிவிட்டது.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. புரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு அடுத்த வார்த்தையையும் சொல்லவேண்டி வரும், அந்த வார்த்தை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கலங்கிய தண்ணீரில் மீன் செவுளடைத்துப் போய்விடும், வலைக்கண் சேற்றில் அடைத்துக்கொள்ளும், எங்களுக்குக் கடலைத் தவிர வேறு வயல் கிடையாது. நிவாரண அரிசி தீர்ந்தது. பக்கத்துக் குப்பங்களில் ஏலக்குரல் கேட்க ஆரம்பித்தது. எங்கள் இளவட்டங்கள் சிலர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்கள், போகும்போது அந்த நாலு வீட்டு வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் காலையில் பக்கத்து ஊர் மீனை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, இது எங்க ஊரு மீனு என்று பொய் சொல்லி விற்றார்கள். எனக்கு எங்கள் ஊரின் மேல் வருத்தம் உண்டு, ஆனாலும் இதைச் சொல்லவேண்டும். பசித்த வயிறோடு அத்தனை நாள் அந்த ஊர் கலக்கியது, முறை தவறாமல் கலக்கியது.

முதலில் நிறுத்தியது குஞ்சப்பன் வீடு. அவர் மகன் வீரமணி அந்தப் படகில் போனவன், கல்யாணமாகாதவன். ஒரு நாள் மத்தியானம் குஞ்சப்பன் கலக்கிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அவன் நீந்தல" என்றார். "நம்ம கைதான் அவனச் சுத்த வுடுது. ஓலை சுத்துற மாதிரி சுத்துறான். எம்புள்ள எப்பவோ போயிட்டான்."

வீரமணி இறங்கினான். அவன் கையை ஆட்டினானா, தண்ணீர் ஆட்டியதா, பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சேறு மூடியது, குஞ்சப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், கடலில் கால்பங்கு தெளிந்தது. அதைப் பார்த்த மறுகணமே, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எங்கள் ஆட்கள் அந்தக் கால்பங்குக் கடலில் வலை போட்டார்கள். மீன் கிடைத்தது. முதல் கூறை எடுத்துக்கொண்டுபோய்க் குஞ்சப்பன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வந்தார்கள். அதற்கப்புறம் மற்ற இரண்டு வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின. ஒரு வீட்டில் அழுதார்கள், ஒரு வீட்டில் அழவும் தெம்பில்லை. தையல்நாயகி மட்டும் மிச்சம்.

கால்பங்குக் கடல் இன்னும் பழுப்பாகவே இருந்தது, அதுவும் ஊருக்கு நேர் எதிரே, படகு இறக்குகிற துறையில். முறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லாமலே வராமல் போனார்கள். அவளும் மகள் அபிநயாவும்தான் மாற்றி மாற்றிக் கலக்கினார்கள். அபிநயா இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். கலக்கிக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள், தூக்கத்திலும் அவள் கை ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் கொடுக்கிற கஞ்சியை மகளுக்கு ஊற்றிவிட்டு, அடியில் ஒட்டியதைத் தையல்நாயகி வழித்துக் குடிப்பாள். அவள் கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது.

நாட்டார் பக்கிரிசாமி வந்து உட்கார்ந்தார். மற்றவர்களைப்போல அவர் சுற்றிவளைக்கவில்லை.

"தாயி, அவன் நீந்துறான்னு நீ நெனைக்கிறியா?"

"நீந்துறாருங்க. எனக்குத் தெரியாதா அவரு நீச்ச."

"குஞ்சப்பனும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தான்."

"அவருக்கு அவரு புள்ளையப் பத்தித் தெரியும். எனக்கு இவரப் பத்தித் தெரியும்."

அவர், ஊர் உனக்கு எதிரா ஒன்னும் செய்யாது, நீ நிறுத்துன்னா நிறுத்துறது, கலக்குன்னா கலக்குறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அன்றைக்கு முழுக்க அவள் கலக்கினாள், கலக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் அவளுக்குள் சுற்றியது: இவர் நீந்துகிறாரா, என் கை இவரைச் சுற்றவிடுகிறதா? கையை எடுத்தால்தான் தெரியும். கையை எடுத்தால், நீந்த முடியாமல் ஓய்ந்து கிடக்கிற மனுஷனாக இருந்தால், அவளே அவரை முக்கினமாதிரி ஆகிவிடும். கையை எடுக்காவிட்டால் பிள்ளை உட்கார்ந்தபடியே ஒரு நாள் எழுந்திருக்காமல் போய்விடும்.

காலையில் மாசிலாமணி வந்தான். அண்ணன் மேல் உயிராக இருந்தவன், இந்த அன்னக்கூடைக்காக எல்லோரையும்விட அதிகமாகக் கலக்கியவன். அவன் வீட்டிலும் கைக்குழந்தைக்குப் பால் இல்லை.

"அண்ணி, ஒரே ஒருவாட்டி கைய எடுத்துப் பாத்துருவோம். உசுரு இருந்தா அவரா நீந்துவாரு. நீந்தினாருன்னா, சத்தியமா சொல்றேன், எங்கையி அழுகிப்போற வரைக்கும் நான் கலக்குறேன்."

"இறங்கிட்டாருன்னா?"

"அடி தட்டுறதுக்குள்ள நீங்க கலக்கிருங்க."

அவள் மகளைப் பார்த்தாள். அபிநயா சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். "சரி தம்பி" என்றாள்.

அவள் முகத்தைக் கழுவிவிட்டு வர எழுந்து போனபோதுதான் மாசிலாமணி அதைச் செய்தான். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் தேத்தாங்கொட்டையைக் கல்லில் இழைத்துப் போடுவார்கள். கலங்கலெல்லாம் திரிந்து கட்டியாகி அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். புயலுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் அது இருந்தது. வண்டல் மெல்ல மெல்ல இறங்க, அண்ணி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம், எதுவானாலும் சட்டென்று முடியட்டும் என்று நினைத்தான். அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று அவன் நம்பியிருந்தான். வீட்டிலிருந்து இழைத்துக் கொண்டுவந்திருந்த விழுதை அன்னக்கூடையில் கரைத்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் செய்ததில் வஞ்சகம் கொஞ்சமும் இல்லை.

தையல்நாயகி வந்து உட்கார்ந்து கடைசியாக ஒரு சுற்றுக் கலக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். வண்டல் திரிந்தது. மழை மேகம் கலைகிறமாதிரி, தண்ணீர் பார்க்கப் பார்க்கத் தெளிந்தது, இதுவரை யாரும் பார்த்திராத தெளிவு. அந்தத் தெளிந்த தண்ணீரின் நடுவே கலியமூர்த்தி தன்னந்தனியாக, தாங்குவதற்கு ஒரு துளி வண்டலும் இல்லாமல், நீந்தினான். கையை வீசி, காலை உதைத்து, இறங்கி, மறுபடி உதைத்து ஏறி, நீந்தினான். அவள் கை இல்லாமலே நீந்தினான். இத்தனை நாளும் நீந்திக்கொண்டுதான் இருந்தான்.

"பாருங்க தம்பி, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கையை விட்டுக் கலக்கினாள். அடியில் போன சேறு எழவில்லை. நகத்தால் சுரண்டினாள், கட்டியாகப் பெயர்ந்தது, தண்ணீரில் கரையவில்லை, திரும்பவும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு, ஓடிப்போய்க் கடலில் ஒரு குடம் மோந்து கொண்டுவந்து ஊற்றினான். அந்தத் தண்ணீரும் தெளிந்து இருந்தது. வெளியே துறையில் பழுப்பு மறைந்து, கரைவரைக்கும் பச்சை வந்துவிட்டிருந்தது, படகு தள்ளுகிறவர்களின் ஏலேலோ கேட்டது.

கலியமூர்த்தியின் கை தளர்ந்துகொண்டு வந்தது. அவள் சுண்டுவிரலைத் தண்ணீருக்குள் விட்டாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். இறால் குஞ்சு தொடுகிறமாதிரி இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். மேலே இழுக்க முடியாது, தண்ணீருக்கு வெளியே அவன் இல்லை. அப்படியே பிடித்திருப்பது ஒன்றுதான் வழி. வாழ்நாள் முழுக்க அந்த விரலை அப்படியே வைத்திருக்க அவள் தயாராக இருந்தாள், அதைச் சொல்லவும் சொன்னாள். கலங்கலில் இத்தனை நாளும் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது தெளிவில் அவன் தலையை நிமிர்த்தினான். மேலே குனிந்திருந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தான். ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தான். சத்தத்தில் விழித்து ஓடிவந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று கூப்பிட்ட பிள்ளையின் குச்சிக் கையையும், ஊறி வெளுத்த அந்தச் சின்ன விரல்களையும் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு அவன் இறங்கினான். நேராக, அசையாமல், முகத்தை மேலே வைத்தபடி இறங்கிக் கட்டிச் சேற்றின் மேல் படுத்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மாசிலாமணி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். தேத்தாங்கொட்டையைப் பற்றி அவனே சொன்னான், சொல்லி அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"கை ஓஞ்சுபோச்சு அண்ணி, அவருக்கு. எத்தன நாளு நீந்தினவரு. நாந்தான் பாவி."

தையல்நாயகி விரலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே அவனைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஓஞ்சு வுடல தம்பி. கெட்டியாத்தான் புடிச்சிருந்தாரு. என்னையப் பாத்தாரு, புள்ளையப் பாத்தாரு, அப்புறம் அவராத்தான் வுட்டாரு."

அன்றைக்குக் கடல் அள்ளிக் கொடுத்தது. இருட்டுவதற்கு முன்பே எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது, பிள்ளைகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு மணலில் ஓடின, பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அவள் வாசலிலும் யாரோ ஒரு கூறு மீனும் படி அரிசியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அபிநயா பசிக்கிறது என்றாள். தையல்நாயகி எழுந்து அரிசியைக் குண்டானில் போட்டுத் தண்ணீர் விட்டுக் களைந்தாள். தண்ணீர் வெள்ளையாய்க் கலங்கியது. அவள் அதைக் கொட்டாமல் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல மாவு அடங்கி, அரிசி அடியில் தெரிந்தது. அதில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு உலையில் போட்டாள்.